காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் காஞ்சிபுரம். "ஒரு நாள் வர்றோம், என்னென்ன பார்க்கலாம்?" என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு நாள் போதுமா?

ஊர் முழுவதையும் பார்க்கப் போதாது. நான்கைந்து இடங்களை மனம் நிறையப் பார்க்கப் போதும். 108 திவ்ய தேசங்களில் 14 இந்த ஊரில்தான் இருக்கின்றன. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 5. இவை போக, கணக்கில் வராத சிறிய கோயில்கள் தெருவுக்குத் தெரு உண்டு. காலையில் இறங்கி மாலைக்குள் பன்னிரண்டு கோயில் பார்த்துவிட்டோம் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்பது அவர்களுக்கே மறுநாள் குழம்பிப் போகும். இரண்டு பல்லவர் கோயில்கள், ஒரு பெரிய சிவன் கோயில், காமாட்சி அம்மன், வரதர். முதல் வருகைக்கு இந்த ஐந்து போதும் என்பது என் கருத்து.

எந்த வரிசையில் பார்ப்பது?

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் இங்கே ஒரு நாள் என்பது உண்மையில் இரண்டு அரை நாள். பத்து மணிக்கு வந்து இறங்கினால் பாதி நாள் அப்போதே போய்விட்டது.

காலை 7 மணிக்குள் கைலாசநாதர் கோயிலில் இருங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து டிபன். பிறகு வைகுண்டப் பெருமாள் கோயில். 11 மணிவாக்கில் காமாட்சி அம்மன் கோயில். மதியம் சாப்பாடும் பட்டும். 4 மணிக்கு நடை திறந்ததும் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில், வெளிச்சம் இருக்கும்போதே. இருட்டியபின் ஏகாம்பரநாதர். அது பேருந்து நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அப்படியே ஊர் திரும்ப வசதி.

சென்னையிலிருந்து எப்படி வருவது?

சுமார் 75 கிலோமீட்டர். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து ஊருக்குத் திரும்பலாம். தாம்பரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு வாலாஜாபாத் வழி. பேருந்துகள் நிறைய உண்டு. கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக மின்சார ரயிலும் வருகிறது. ஆனால் ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான், நேரமும் கூடுதலாகும். ரயிலில் வந்தால் நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் ஷேர் ஆட்டோ ஓடுகிறது. நான்கு பேராக வந்தால் ஒரு ஆட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்வது நல்லது. கைலாசநாதர் மேற்குக் கோடி, வரதர் தென்கிழக்குக் கோடி. நடந்து தீராது.

கைலாசநாதர் கோயிலில் என்ன விசேஷம்? கூட்டமே இல்லையே?

கூட்டம் இல்லாததே ஒரு விசேஷம்தான். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டியது. காஞ்சியில் நிற்கும் கட்டுமானக் கோயில்களில் மிகப் பழையது இதுதான். முன்னாலிருக்கும் சிறிய விமானம் அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பியது. கோயில் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் மணற்கல்லில் படும்போது கல் தேன் நிறத்துக்கு வரும். ஏழு மணிக்கே போகச் சொல்வது இதற்காகவும்தான்.

உள்ளே போகுமுன் வாசலிலேயே நில்லுங்கள். முன்வரிசையில் எட்டுச் சிறு கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எழுப்பியவள் ரங்கபதாகை என்ற அரசி. கல்வெட்டு அவள் பெயரைச் சொல்கிறது. பல்லவர் காலத்தில் ஒரு பெண் தன் பெயரில் கோயில் எடுத்திருக்கிறாள் என்று தெரிந்து அதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

உள்ளே பிராகாரச் சுவரை ஒட்டி வரிசையாக 58 சிறு சன்னதிகள். ஒவ்வொன்றிலும் சிற்பம், சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம். நீலமும் செம்மண் நிறமும் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு காலத்தில் இந்த வளாகம் முழுவதும் வண்ணத்தில் இருந்திருக்கும் என்பதை அந்தத் திட்டுகளை வைத்துத்தான் கற்பனை செய்ய முடிகிறது. சிவனும் உமையும் நடுவில் குழந்தை முருகனும் அமர்ந்திருக்கும் சோமாஸ்கந்தர் வடிவம் திரும்பத் திரும்ப வரும். ராஜசிம்மனுக்கு மிகப் பிடித்த வடிவம் அது. சுவரில் அவனுடைய பட்டப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேல் வெட்டியிருக்கிறார்கள்.

சில சிற்பங்களின் முகம் மொழுமொழுவென்று இருக்கும். அது பிற்காலத்தில் சுதை பூசியதால் வந்தது. மணற்கல் பொரிந்து உதிரும் கல். பழுது பார்க்கிறோம் என்று பூசிய பூச்சு பல்லவச் சிற்பியின் உளி வேலையை மறைத்துவிட்டது. பூச்சு விழுந்த இடங்களில் கீழே உள்ள அசல் வேலையைப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தயவுசெய்து கையை வைக்காதீர்கள். விரல் பட்டாலே மண்ணாக வரும் இடங்கள் இருக்கின்றன.

கருவறையில் 16 பட்டை கொண்ட கருங்கல் லிங்கம். அதைச் சுற்றிவர ஒரு குறுகிய வழி. ஒரு துவாரத்தில் தவழ்ந்து நுழைந்து இன்னொன்றில் தவழ்ந்து வெளியே வரவேண்டும். சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. முழங்கால் வலி, மூச்சுத் திணறல், இருட்டு பயம் இருப்பவர்கள் வேண்டாம்.

அங்கே ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறதாமே?

இருக்கிறது. எனக்கு இந்தக் கோயிலில் மிகப் பிடித்ததும் அதுதான். மண்டபத் தூண் ஒன்றில் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். அந்தப் பகை தீராமல் நூறு ஆண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ஊரைக் கொளுத்தியிருக்கலாம். அவன் இந்தக் கோயிலுக்குள் வந்து, செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதைத்தான் தூணில் எழுதி வைத்திருக்கிறான். பிறகு அவன் அரசி லோகமாதேவி கர்நாடகத்துப் பட்டடக்கல்லில் எடுத்த விருபாட்சர் கோயிலில் இந்தக் கோயிலின் சாயல் தெரியும். ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு இதைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்கிறது. தஞ்சையில் பெரிய கோயிலை எடுத்தவன் காலத்தில் பெரிய கோயில் என்று பெயர் வாங்கியிருக்கிறது இது.

வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பலர் விட்டுவிடுகிறார்களே, போகலாமா?

கட்டாயம். கைலாசநாதர் பார்த்த கையோடு அங்கே போனால் கதை தொடரும்.

பல்லவன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோனான். அரசு ஆள ஆள் தேடி ஊர்ப் பெரியவர்கள் பல்லவர்களின் இன்னொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போனார்கள். மூத்த மகன்கள் மறுத்துவிட, 12 வயதான கடைசி மகன் "நான் போகிறேன்" என்றான். தகப்பனுக்கு அனுப்ப மனமில்லை, பிறகு சம்மதித்தார். அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன், இந்தக் கோயிலைக் கட்டியவன். திருச்சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பையன் வரும் காட்சி, முடிசூட்டு விழா, போர்கள், யானைகள், சில இடங்களில் சிற்பத்துக்குக் கீழேயே விளக்கக் கல்வெட்டு. ஒரு அரசகுலம் தன் கதையைத் தானே சுவரில் சொல்லியிருப்பது தமிழ்நாட்டில் இவ்வளவு பழமையாக வேறெங்கும் இல்லை. சி. மீனாட்சி என்ற ஆய்வாளர் 1930களில் இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதினார். இன்று நாம் எளிதாகச் சொல்லும் இந்தக் கதைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது.

விமானத்தில் மூன்று தளம், மூன்று கருவறை. கீழே அமர்ந்த கோலம், நடுவில் பள்ளிகொண்ட கோலம், மேலே நின்ற கோலம். எல்லா நாளும் மேலே விடமாட்டார்கள். திருமங்கையாழ்வார் பாடிய பரமேசுவர விண்ணகரம் இதுவே. மண்டபத்தில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதியம் 12 முதல் 4 வரை என்ன செய்வது?

சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு, பிறகு தறி. பிள்ளையார்பாளையம் கைலாசநாதர் கோயிலுக்குப் போகும் பக்கம்தான். தெருவில் நடந்தாலே வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்கும். முன்பு இன்னும் அதிகம் கேட்டது. நெசவை விட்டு வெளியே வேலைக்குப் போகும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருக்கிறார்கள். வாசலில் நின்று "பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் உள்ளே அழைப்பார்கள். தறியில் இருப்பவர் கையை நிறுத்தினால் அவருக்குக் கூலி போகும். அதனால் நீண்ட நேரம் பேச்சில் இழுக்காதீர்கள், தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலைத் தொடாதீர்கள்.

பட்டில் ஆர்வம் இல்லாதவர்களுக்கு: சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணா வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1909இல் இந்த ஊரில் பிறந்து, இந்தத் தெருக்களில் வளர்ந்து முதலமைச்சரானவர். எளிமையான வீடு. அங்கிருந்து வரதர் கோயில் பக்கம்தான், 4 மணிக்கு நடை திறக்கச் சரியாக இருக்கும்.

பட்டுப்புடவை எப்படிப் பார்த்து வாங்குவது?

அசல் காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒரே நாடாவில் (குறுக்கு நூலை ஓட்டும் கட்டை) நெய்யாமல், கரைக்குத் தனி நாடா ஓட்டி இழைக்கு இழை பூட்டுவார்கள். மூன்று நாடா ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். பெரும்பாலும் வீட்டில் உள்ளவரே அந்த வேலையைச் செய்வார். உடலும் கரையும் சேரும் கோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் பூட்டு தெரியும். கையால் இழுத்துப் பாருங்கள், புடவை கிழிந்தாலும் அந்தச் சேர்க்கை விடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

ஜரிகையில்தான் ஏமாற்றம் அதிகம். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். வெள்ளை நூல் தெரிந்தால் சாதா ஜரிகை. சாதா ஜரிகைப் புடவை வாங்குவது தவறில்லை. அசல் விலை கொடுத்து அதை வாங்குவதுதான் தவறு. பட்டுதானா என்று பார்க்க, ஒரு இழையைக் கொளுத்தினால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்கள் ஊரில் பல இருக்கின்றன. பேரம் இல்லை, ஜரிகைத் தரத்தை எழுதிக் கொடுப்பார்கள். முதல் முறை வாங்குபவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன். பட்டு முத்திரையும் ரசீதும் இல்லாமல் எங்கேயும் வாங்காதீர்கள்.

ஆட்டோக்காரர் ஒரு கடைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். போகலாமா?

வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரை அழைத்து வருபவர்களுக்குப் பணம் கொடுக்கும் கடைகள் உண்டு, அந்தப் பணம் உங்கள் புடவை விலையில்தான் ஏறும். என் சித்தி மகள் கல்யாணத்துக்கு அப்படி ஒரு கடையில் முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். வீட்டில் வந்து சுரண்டிப் பார்த்தால் வெள்ளை நூல். சித்தி அன்று அழுத அழுகை இன்னும் மறக்கவில்லை. ஆட்டோ பேசும்போதே "கோயிலுக்கு மட்டும், கடைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டால் சிக்கல் இல்லை. ஊரை நன்றாகச் சுற்றிக் காட்டும் நல்ல ஓட்டுநர்கள் நிறைய இருக்கிறார்கள்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி வரதரைப் பார்க்க முடியுமா?

முடியாது. அத்தி மரத்தால் ஆன அந்தப் பெருமாள் அனந்தசரஸ் குளத்துக்குள், நீராழி மண்டபத்துக்கு அடியில் இருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒரு முறைதான் வெளியே எழுந்தருளுவார். 1979இல் வந்தார், 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனம் தந்தார். அடுத்தது 2059. அந்த 48 நாளும் எங்கள் ஊர் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. குளக்கரையில் நின்று நீராழி மண்டபத்தைப் பார்த்துக் கும்பிடலாம்.

மூலவர் அத்திகிரி என்னும் மேட்டின் மேல், 24 படி ஏறிப் பார்க்கவேண்டும். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி தொட வரிசை நீளமாக இருக்கும். வரிசை பெரிதாக இருந்தால் நூற்றுக்கால் மண்டபத்தை முதலில் பாருங்கள். விஜயநகரக் காலத்தது. பெயர் நூற்றுக்கால், எண்ணினால் 96 தூண். பாயும் குதிரை வீரர்கள், மூலைகளில் ஒரே கல்லில் வளையம் வளையமாகக் கோத்த சங்கிலி.

காஞ்சிபுரம் இட்லி எங்கே கிடைக்கும்?

அது வரதர் கோயில் பிரசாதம், எங்களுக்குக் கோயில் இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை ஊற்றி நெடுநேரம் வேகவைப்பார்கள். முழ நீளத்துக்கு உருளையாக வரும், துண்டு போட்டுக் கொடுப்பார்கள். பிரசாதக் கடையில் இருந்தால் வாங்கிவிடுங்கள், தீர்ந்துவிட்டால் அன்றைக்கு இல்லை. ஓட்டல்களில் டம்ளரில் வேகவைத்துத் தருவது அதன் சின்னத் தங்கை. அதுவும் சுவைதான், ஆனால் மந்தாரை வாசம் இருக்காது.

ஏகாம்பரநாதரும் காமாட்சியும்?

ஏகாம்பரநாதர் பஞ்சபூதத் தலங்களில் பூமி. மணல் லிங்கம் என்பதால் லிங்கத்துக்கு நேரடியாக அபிஷேகம் கிடையாது. தெற்கு ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது, 190 அடிக்கும் மேல். உள்ளே நீண்ட பிராகாரத்தில் விளக்கு வெளிச்சத்தில் தூண்கள் வரிசையாகப் போவதைப் பார்க்க மாலைதான் நேரம்.

காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னதி இருக்காது. ஊருக்கே ஒரு அம்மன், அவள் காமாட்சி. பத்மாசனத்தில் அமர்ந்த கோலம். இங்கிருந்த தங்கக் காமாட்சி, போர்க் குழப்பக் காலத்தில் பல ஊர் அலைந்து தஞ்சாவூரில் போய் நிலைத்தாள். அவளுக்குப் பூசை செய்த குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி. தஞ்சை போனால் பங்காரு காமாட்சி என்று பெயர் பெற்ற அவளையும் பாருங்கள்.

எந்த மாதம் வரலாம்?

மார்கழி முதல் மாசி வரை. கத்திரி வெயிலில் வேண்டாம். செருப்பில்லாமல் கல் தரையில் நடக்கவேண்டும், பதினொரு மணிக்கே கால் கொப்பளிக்கும். வந்தே ஆகவேண்டும் என்றால் கெட்டியான சாக்ஸ் எடுத்து வாருங்கள். வைகாசியில் வரதர் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம். அந்த நாட்களில் திருவிழா பார்க்க வாருங்கள், சிற்பம் பார்க்க வேறு நாள் வாருங்கள்.

வயதானவர்கள், குழந்தைகளுடன் வருகிறோம்?

வைகுண்டப் பெருமாளும் காமாட்சியும் அவர்களுக்குச் சுலபம். வரதர் படி ஏறுவது சிலருக்குச் சிரமம். மதியம் கட்டாயம் படுக்க இடம் வேண்டும் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு லாட்ஜ் அறை எடுப்பது வீண் செலவில்லை. குழந்தைகளுக்கு நந்திவர்மன் கதையை முன்னாடியே சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். 12 வயதுப் பையனைச் சுவரில் அவர்களே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

உடை, போட்டோ, நுழைவுச்சீட்டு?

கோயிலுக்குத் தகுந்த உடை. கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள் இரண்டும் தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ளவை, கட்டணம் கிடையாது, வெளியே படம் எடுக்கலாம். எந்தக் கோயிலிலும் கருவறைப் பக்கம் போனை எடுக்காதீர்கள்.

அதே நாளில் மாமல்லபுரமும் போய்விடலாமா?

வேண்டாம். போக வர ஆகும் நேரத்தில் இரண்டு ஊரும் கெடும்.

இரவு தங்கினால் கூடுதலாக எதைப் பார்ப்பது?

திருப்பருத்திக்குன்றம். வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜின காஞ்சி என்று பெயர். காஞ்சி என்றால் சைவமும் வைணவமும் மட்டும் என்று நினைத்து வருபவர்கள் இங்கே வந்தால் மனதை மாற்றிக்கொள்வார்கள். பௌத்தக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை கடைசியில் வந்து சேர்வது காஞ்சிக்குத்தான். 7ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் வந்தபோது இங்கே பௌத்த மடங்கள் இருந்தன. அப்பர் பாடிய 'கல்வியைக் கரையிலாத காஞ்சி மாநகர்' எல்லாச் சமயத்தாரும் வாதிட்டுப் படித்த ஊர். பௌத்தத்தின் தடம் அழிந்துபோனது, சமணத்தின் தடம் இந்தக் கோயிலில் நிற்கிறது. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சங்கீத மண்டபத்தின் கூரையில் சமணர்கள் வழிபடும் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வண்ண ஓவியமாக ஓடுகிறது, ரிஷபதேவர், மகாவீரர், நேமிநாதர் என்று. நேமிநாதருக்கு உறவுமுறையான கண்ணனின் கதையும் நடுவில் வரும். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கும். ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள்.